இரு அட்டைகளுக்கு இடையே: நம் கிதாபுகளின் மேலட்டையை அழகுபடுத்திய கைகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மீஞ்சூரில் அஸர் தொழுகை முடிந்ததும் மக்தப் பிள்ளைகள் வந்து அமர்வார்கள். வெளியே துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல். உள்ளே அலிஃப், பே, தே. சில மாதங்களுக்கு முன் ஒருநாள், பன்னிரண்டு வயது மாணவன் ஒருவனுடைய யாஸீன் கிதாபு நம் கண்ணில் பட்டது. பழுப்புத் தாளில் உறையிட்டு, அதன்மேல் பென்சிலால் ஒரு கொடியைச் சுற்றிலும் படரவிட்டிருந்தான். நடுவில் ஒரு பேரீச்ச மரம். மரக்கிளையென அவன் எண்ணி வரைந்த மட்டையில் ஒரு கிளி.

கிளியைக் கண்டதும் நமக்குக் கோபம் வந்தது. எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அந்த உறையைக் கிழித்தோம். "படம் வரைவது ஹராம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்தோம். அவன் எதுவும் பேசவில்லை. மறுநாள் முதல் அவனுடைய கிதாபு உறையின்றி வந்தது. அதுவரை முத்து முத்தாக அரபெழுத்து எழுதிவந்த அவன் கை, அதன்பின் ஏனோதானோவென்று எழுதத் தொடங்கியது.

இரண்டு மாதம் கழித்து, மக்தப் ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளுக்கென ஒரு சிறு துஆத் தொகுப்பை அச்சிட முடிவாயிற்று. அச்சகத்தார் அனுப்பிய அட்டையில், எங்கும் பார்த்துப் பழகிய அதே குவிமாடம், அதே பிறை. "நம்ம புள்ளைங்கள்ல வரையத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா அஸரத்?" என்று ஒரு தாய் கேட்டார். பிள்ளைகள் அனைவரும் அந்த மாணவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிந்த தலைதான் நம்மைக் கிதாபுகளின் பக்கம் மீண்டும் அனுப்பியது. நம் முன்னோர் நூல்களின் மேலட்டையை எவ்வாறு உருவாக்கினார்கள்? அதைச் செய்த கலைஞர்களை மார்க்க அறிஞர்கள் எவ்வாறு நடத்தினார்கள்? தேடியதில் கிடைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இரண்டு பலகைகள்

'முஸ்ஹஃப்' என்னும் சொல்லுக்கே ஏடுகள் ஒன்றுசேர்க்கப்பட்ட தொகுப்பு என்றுதான் பொருள். அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் திருமறை ஒன்றுதிரட்டப்பட்டு, உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டு நகரங்களுக்கு அனுப்பப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. 'இரு அட்டைகளுக்கு இடையே இருப்பது' என்று அரபு மொழியில் ஒரு வழக்கு உண்டு. திருக்குர்ஆனைக் குறிக்க ஆரம்ப கால முஸ்லிம்கள் இவ்வாறு கூறினார்கள். 'தஃப்பதைன்' என்னும் அந்தச் சொல் நூலின் மேலும் கீழும் இருக்கும் இரண்டு பலகைகளைக் குறிக்கும்.

நம் தமிழ் மண்ணுக்கும் இது புதிதன்று. பனையோலைச் சுவடியின் மேலும் கீழும் இரண்டு மரச்சட்டங்களை வைத்துக் கயிற்றால் கட்டிய வழக்கம் இங்கும் நெடுங்காலமாக இருந்தது. ஏட்டைக் காப்பதற்கு இரு பலகைகள் வேண்டும் என்பதை இரு சமூகங்களும் தத்தம் வழியில் கண்டுகொண்டன.

தொடக்கத்தில் மரப்பலகையின் மேல் தோல் போர்த்தினார்கள். காகிதம் பெருகியபோது, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி அழுத்திய கெட்டி அட்டைக்கு மாறினார்கள். அது எடை குறைந்தது. மரத்தைப்போல எளிதில் வளைந்து பிளப்பதுமில்லை. தோலின்மேல் பொன்னால் அழுத்திப் பதிக்கும் நுட்பமும் முஸ்லிம் உலகில் செழித்திருந்தது. ஐரோப்பியர் அதை 15ஆம் நூற்றாண்டில் இங்கிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

பாக்தாதில் வாழ்ந்த இப்னுன் நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987-88) தொகுத்த 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலில், ஆசிரியர்களை மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. எழுத்துக் கலைஞர்களின் பெயர்களையும், அட்டை கட்டியோரின் பெயர்களையும் பதிவு செய்தார். கலீஃபா மஃமூனின் அறிவுக் கருவூலத்தில் நூல்களுக்கு அட்டை கட்டிய இப்னு அபில் ஹரீஷ் என்பவரின் பெயர் இன்றும் நமக்குத் தெரிவது இதனால்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பைண்டிங் தொழிலாளியின் பெயரை வரலாற்றில் எழுதி வைத்த சமுதாயம் நம்முடையது. இன்று நம் வீடுகளில் உள்ள நூல்களில் அட்டையை அமைத்தவரின் பெயர் எத்தனை நூல்களில் இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள்.

அந்தக் கலைஞர் எவ்வாறு வேலை செய்தார்?

இத்தொழிலுக்கெனத் தனி நூல்களே எழுதப்பட்டன. வட ஆப்பிரிக்காவை ஆண்ட முஇஸ் இப்னு பாதீஸின் பெயரோடு அறியப்படும் 11ஆம் நூற்றாண்டு நூல், எழுதுகோல், மை, காகிதம், அட்டை கட்டுதல் ஆகியவற்றை விளக்குகிறது. அந்தலூஸைச் சேர்ந்த பக்ர் அல் இஷ்பீலி, அட்டை கட்டும் கலைக்கென்றே ஒரு கையேடு எழுதினார்.

வேலையின் ஒழுங்கு இவ்வாறு அமைந்தது. எழுதி முடித்த தாள்களை மடித்துக் கட்டுகளாக்கி நூலால் தைப்பார். ஓரங்களைச் சீராக அரிவார். முதுகில் பசையிட்டுத் துணி ஒட்டுவார். இருபுறமும் அட்டையைப் பொருத்தி, மெலிதாகச் சீவிய தோலைப் போர்த்துவார். பின்னட்டையின் ஓரத்திலிருந்து ஒரு மடிப்பு நீண்டு வந்து, நூலின் விளிம்பை மூடி, மேலட்டைக்கு அடியில் செருகிக்கொள்ளும். அரபியர் அதை 'லிசான்' என்றார்கள். நாக்கு என்று பொருள். புழுதியிலிருந்து ஏடுகளைக் காத்ததோடு, ஓதியவர் நிறுத்திய இடத்தில் அடையாளமாகவும் அது பயன்பட்டது.

இதன் பிறகே அழகுபடுத்தும் வேலை. அட்டையின் நடுவில் ஒரு பதக்கம். நான்கு மூலைகளிலும் அதன் கால்வாசியைப் போன்ற மூலை வேலைப்பாடு. சுற்றிலும் கோட்டுச் சட்டம். கவராயமும் அளவுகோலும்தான் கருவிகள். ஒரு வட்டத்துக்குள் ஒரு சதுரம். அதே மையத்தில் சற்றுத் திருப்பி வைத்த இன்னொரு சதுரம். எட்டு முனை நட்சத்திரம் பிறந்துவிடும். அதன் கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் முடிவில்லாத பின்னல் வரும். பின்னர் சூடாக்கிய உலோக அச்சுகளால் தோலில் அழுத்துவார்கள்.

நூலின் பெயர் எங்கே? பெரும்பாலும் மேலட்டையில் இருக்காது. அக்காலத்தில் நூல்களை நம்மைப்போல் நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்து அடுக்கினார்கள். எனவே, தாள்களின் கீழ்விளிம்பில் மையால் பெயரை எழுதிவிடுவார்கள். பெயரைச் சொல்லும் சுமை இல்லாததால், நூலை மதிப்புடன் கையில் எடுக்க வைப்பதே மேலட்டையின் வேலையாயிற்று.

இப்னு அப்பாஸ் (ரலி) காட்டிய வழி

திருக்குர்ஆன் பிரதிகளில் பூக்களும் கொடிகளும் கோலங்களும் நிறைந்தன. உயிருள்ளவற்றின் உருவங்கள் நுழையவில்லை. வரலாற்றை நேர்மையாகச் சொல்வதானால், முஸ்லிம் உலகில் உருவப்படங்களே இல்லை என்று கூற முடியாது. ஹரீரியின் 'மகாமாத்' நூலுக்கு யஹ்யா அல் வாஸிதி ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) தீட்டிய படங்களில் மனிதர்களும் ஒட்டகங்களும் உண்டு, அந்தப் பிரதி இன்று பாரிஸில் இருக்கிறது. அரசவைகளிலும் செல்வர் இல்லங்களிலும் கதை நூல்கள் அவ்வாறு வளர்ந்தன. ஆனால் பள்ளிவாசலும் மதரஸாவும் அந்த எல்லையைப் பேணின. உயிருள்ளவற்றின் உருவம் குறித்து வந்துள்ள ஹதீஸ்களின் கடுமையே அதற்குக் காரணம்.

அந்த ஹதீஸ்களுள் ஒன்றை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். அந்த மாணவனின் உறையைக் கிழித்த அன்று அது நம் நினைவுக்கு வரவில்லை. ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் செய்தி அது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒரு மனிதர் வந்தார். தம் கைத்தொழிலால் பிழைப்பவர் தாம் என்றும், உருவங்களை உண்டாக்குவதே தம் தொழில் என்றும் கூறினார். தாம் நபி (ஸல்) அவர்களிடமிருந்து கேட்டதையே சொல்வதாகக் கூறி, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்த எச்சரிக்கையை எடுத்துரைத்தார்கள். கேட்ட மனிதர் பெருமூச்சு விட்டார். அவர் முகம் வெளிறிவிட்டது. அதைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், அத்தொழிலைச் செய்தே தீர வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவருக்கு வழிகாட்டினார்கள்.

இந்தச் செய்தியில் இரண்டு பாதிகள் உண்டு. எச்சரிக்கை முதல் பாதி. வெளிறிய முகத்தைக் கண்டு, அக்கலைஞனின் கைக்கு ஹலாலான வேலையைக் காட்டியது இரண்டாம் பாதி. நாம் முதல் பாதியை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தோம். அதையும் அரைகுறையாகக் கொடுத்தோம். கொடியும் பேரீச்ச மரமும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கிளியோடு சேர்த்து அவற்றையும் கிழித்துவிட்டோம்.

அந்த இரண்டாம் பாதியின் விரிவுரை போலத்தான் இஸ்லாமிய நூலட்டைகளின் வரலாறு நமக்குத் தோன்றுகிறது. வரையத் துடித்த கைகளுக்கு இலை, கொடி, நட்சத்திரம், வட்டம், எழுத்து ஆகியவை திறந்துவிடப்பட்டன. ஒரு வாயில் மூடப்பட்டதால் மற்ற வாயில்களின் வழியே வெகுதொலைவு சென்றார்கள்.

வாயிற்காவலரின் மகன்

இவ்வழியில் சென்றவர்களுள் ஒருவர் அலீ இப்னு ஹிலால். தந்தை வாயிற்காவலர், ஆகவே 'இப்னுல் பவ்வாப்' என்ற பெயரால் புகழ்பெற்றார். தொடக்கத்தில் வீடுகளுக்கு வண்ணம் தீட்டி அழகு செய்பவராக இருந்தார். பிறகு நூல்களை அழகுபடுத்தினார். அதன் பின்னரே எழுத்துக் கலையின் மாமேதையானார். இவருக்கு முன் எழுத்துக்கு அளவு முறை வகுத்தவர் பாக்தாதின் அமைச்சர் இப்னு முக்லா (இறப்பு கி.பி. 940).

யாகூத் அல் ஹமவி பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி சுவையானது. ஷீராஸில் புவைஹி மன்னர் பஹாஉத் தவ்லாவின் நூலகத்தை இப்னுல் பவ்வாப் கவனித்து வந்தார். அங்கே இப்னு முக்லா தம் கையால் எழுதிய திருக்குர்ஆனின் ஜுஸ்வுகள் சிதறிக் கிடந்தன. தேடித் தேடி 29ஐச் சேர்த்தார். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்த ஒன்றைத் தாமே எழுதி நிறைவு செய்வதாகவும், எது புதியது என்று மன்னரால் கண்டுபிடிக்க இயலாவிட்டால் 100 தீனாரும் ஓர் அங்கியும் தரவேண்டும் என்றும் கேட்டார்.

பழைய காகிதத்தைத் தேடி எடுத்து எழுதினார். பழமை தோன்றப் பொன் வேலை செய்தார். அட்டைக்கு என்ன செய்வது? பழைய ஜுஸ்வு ஒன்றின் அட்டையைக் கழற்றித் தாம் எழுதியதற்குப் பூட்டினார். அட்டையிழந்த பழையதற்குப் புதிதாக ஓர் அட்டை செய்து, அதைப் பழையதுபோல் ஆக்கினார். ஓராண்டுக்குப் பின் முப்பதையும் மன்னர் முன் வைத்தபோது, எது புதியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. வாக்களித்த பரிசு தாமதமாகவே, நூலகத்தில் கிடந்த எழுதாத சீனக் காகிதத்தைப் பகரமாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் அதில் எழுதினார். கலைஞனுக்குப் பேசிய கூலி தாமதமாவது அன்றும் இருந்திருக்கிறது!

இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல் எழுதிய திருக்குர்ஆன் பிரதி இன்று டப்ளின் நகரத்தின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. ஒரு வாயிற்காவலரின் மகன் சுவருக்கு வண்ணம் தீட்டுவதைப் பார்த்து எந்த உஸ்தாதும் அவர் தூரிகையை ஒடிக்கவில்லை. அது நம் நல்வாய்ப்பு.

கல்லில் எழுதிய காத்திபுகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழெழுத்தில் முதல் அச்சு நூல் 1578இல் கொல்லத்தில் வெளியானது. எனினும் இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே, 1842இல், உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஷைகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் பதிப்பித்தார். ஓலையிலிருந்து காகிதத்துக்கு நம் இலக்கியம் இடம்பெயர்ந்த நாள் அது.

தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் நூல்களுக்கு மற்றொரு வழி வாய்த்தது. அதுதான் கல்லச்சு. ஜெர்மனியைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் என்னும் நாடக ஆசிரியர், தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடி 1796இல் கண்டறிந்த முறை இது. எண்ணெய்ப் பசையுள்ள மையால் சுண்ணாம்புக் கல்லின்மேல் எழுத வேண்டும். பிறகு அமிலமும் கோந்தும் கலந்த கரைசலைப் பூசிக் கல்லை நீரால் நனைத்தால், எழுத்தில்லாத இடம் நீரை ஏற்கும். எழுத்துள்ள இடம் அச்சு மையை ஏற்கும். தாளை வைத்து அழுத்தினால் எழுதியவரின் கையெழுத்தே பக்கமாக வந்துவிடும்.

ஈய எழுத்துகளைத் தனித்தனியே வார்த்துக் கோக்கும் முறையில், சேர்ந்து சேர்ந்து ஓடும் அரபெழுத்தும் உர்தூவின் நஸ்தலீக்கும் தம் அழகை இழந்தன. கல்லச்சில் காத்திப் எழுதியது எழுதியபடியே வந்தது. லக்னோவில் 1858இல் முன்ஷி நவல் கிஷோர் தொடங்கிய அச்சகம் கல்லச்சில் பெரும் புகழ் பெற்றது. அவர் இந்து சமயத்தவர். திருக்குர்ஆனையும் அரபு, பார்சி நூல்களையும் ஏராளமாக அச்சிட்டார்.

கல்லச்சு நூலின் முகப்புப் பக்கம் பழைய தோலட்டையின் பேரன் எனலாம். அதே சட்டம், அதே பதக்கம், அதே மூலைக் கொடிகள். தோலில் அழுத்தியதைக் காத்திப் இப்போது மையால் வரைந்தார். பதக்கத்தின் வெற்றிடத்தில் நூலின் பெயர் வந்து அமர்ந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்களால் நம் பாட்டிமார்கள் தொழுகையின் சட்டங்களை அறிந்தார்கள். தமிழெழுத்து அறியாத பெண்களும் குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தைக் கொண்டு தமிழைப் படித்தார்கள்.

அந்தப் பாட்டிமார்களும் அட்டைக் கலைஞர்களே. மிஞ்சிய பட்டுத் துணியில் திருக்குர்ஆனுக்கு உறை தைத்து, ஓரத்தில் நாடா வைத்து, ரெஹால் பலகையின் மேல் வைத்தார்கள். நம் வீடுகளில் ஒரு பிள்ளை முதன்முதலில் தொட்ட நூலட்டை அநேகமாக அந்தத் துணியுறைதான்.

காத்திபின் கை சென்னையில் அண்மைக் காலம் வரை ஓயவில்லை. திருவல்லிக்கேணியில் 1927இல் செய்யித் அஸ்மதுல்லா அவர்கள் தொடங்கிய 'முஸல்மான்' உர்தூ நாளிதழ், கணினிக் காலத்திலும் கையால் எழுதப்பட்டே வெளிவந்ததற்காக உலகெங்கும் பேசப்பட்டது. வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகில் அமைந்த சிறிய அலுவலகத்தில், பெண்கள் உள்ளிட்ட காத்திபுகள் அமர்ந்து நாள்தோறும் பக்கங்களை எழுதினார்கள். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விடுவார்கள் என்பார்கள். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலேறினால் எட்டிவிடும் தொலைவில் நடந்த அற்புதம் இது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

தமிழெழுத்தும் ஓவியமானது

எழுத்தையே ஓவியமாக்கும் வழி அரபுக்கு மட்டும் உரியதன்று. தமிழில் அதைச் செய்து காட்டியவர்களுள் முதன்மையானவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளைக் கோட்டோவியங்களில் வரைந்து புகழ்பெற்றார். சிற்றிதழ்களின் பெயர்களையும் நூல்களின் தலைப்புகளையும் அச்செழுத்தில் கோக்காமல், தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். 1974இல் தொடங்கப்பட்ட க்ரியா பதிப்பகத்தின் நூல்களிலும் வேறு பல பதிப்புகளிலும் அவர் கையைக் காணலாம். படமே இல்லாமல், தலைப்பெழுத்தின் வளைவும் தடிப்பும் மட்டுமே மேலட்டையைத் தாங்கி நிற்கும் என்று தமிழ் வாசகர்கள் அவரைப் போன்றவர்களால் அறிந்தார்கள். உருவப்படமின்றி இஸ்லாமிய நூலுக்கு அட்டை அமைக்க விரும்புவோர் கற்க வேண்டிய பாடம் அது.

இன்றைய அட்டை ஓவியரின் வேலை முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நல்ல ஓவியர் முதலில் நூலைப் படிப்பார். குறைந்தது அதன் சாரத்தையாவது கேட்டறிவார். பின்பு சிறு சிறு கட்டங்களில் நான்கைந்து வரைவுகள் போடுவார். தலைப்பு எங்கே, படம் எங்கே, வெற்றிடம் எவ்வளவு என்பது அங்கேயே முடிவாகும். தேர்ந்தெடுத்ததைப் பெரிதாக வரைவார். பக்க எண்ணிக்கையைக் கேட்டு முதுகின் அகலத்தைக் கணக்கிடுவார்; 160 பக்க நூலென்றால் 80 தாள், வழக்கமான தாளில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க, படத்தைச் சுற்றிலும் சுமார் 3 மில்லிமீட்டர் மிகையாக விடுவார். மெய்ப்பு வந்ததும் வண்ணத்தையும் எழுத்துப் பிழையையும் சரிபார்ப்பார். பாக்தாதின் தோல் தொழிலாளியும் லக்னோவின் காத்திபும் செய்த வேலைதான் இது, கருவிகள்தாம் மாறியுள்ளன.

நம் நூல்களுக்கெனச் சில தனிச் சிக்கல்களும் உண்டு. அரபு மூலத்தோடு தமிழ்ப் பொருளும் உள்ள நூல் வலப்புறமிருந்து திறக்கும். மற்ற தமிழ் நூல்களுக்குப் பின்னட்டையாக இருப்பது இதற்கு முன்னட்டை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அச்சில் தலைகீழாகிவிடும். இரண்டாவது, அட்டையில் இறைவசனத்தையோ அல்லாஹ்வின் திருநாமத்தையோ அச்சிடுவது. அட்டை கிழிந்து கீழே விழும். கடையில் பொட்டலம் கட்டவும் போகக்கூடும். கண்ணியம் காக்க முடியாத இடத்தில் அதைத் தவிர்ப்பதே பேணுதல். மூன்றாவது, இணையத்தில் கண்ட பிறர் ஓவியத்தைக் கேளாமல் எடுத்து அட்டையில் போடுவது. உள்ளே அமானிதத்தைப் பற்றிப் போதிக்கும் நூலின் வெளியே பிறர் உழைப்பு அனுமதியின்றி இருக்கலாமா?

ஒரு சிறு அட்டை

இவற்றையெல்லாம் படித்த பின், ஒருநாள் அஸருக்குப் பின்பு, உறையைக் கிழித்த அதே பிள்ளைகளின் முன்னிலையில் அம்மாணவனிடம் நாம் வருத்தம் தெரிவித்தோம். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் செய்தியை முழுமையாகச் சொன்னோம். கிளியைப் பற்றிய சட்டத்தில் மாற்றமில்லை. கொடியைக் கிழித்ததும், பலர் முன் அவனை அவமானப்படுத்தியதும் நம் தவறு என்று ஒப்புக்கொண்டோம். துஆ நூலுக்கு அட்டை வரைந்து தருவாயா என்று கேட்டோம். அவன் உடனே பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தாளை மடித்துக் கொண்டுவந்தான். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பெட்டியின் கவராயத்தால் எட்டு முனை நட்சத்திரம் வரைந்திருந்தான். சுற்றிலும் பழைய கொடி. "அஸரத், கிளி இல்ல. கிளை மட்டும் இருக்கலாமா?" என்று கேட்டான். இருக்கலாம் என்றோம். பிறகு தலைப்பெழுத்தை ஏழெட்டு முறை எழுதிப் பார்த்தான். செலவு கருதிப் பச்சை மை ஒன்றிலேயே அச்சிட்டோம். 48 பக்கமே ஆனதால் நடுவில் பின்னடித்தோம். முதுகுக் கணக்கு தேவைப்படவில்லை. மெய்ப்பு வந்தபோது படம் இடப்புறம் திறக்கும்படி இருந்தது. நாம் கவனிக்கவில்லை, அவன்தான் கண்டுபிடித்தான். உள்பக்கத்தில் அட்டை வரைந்தவர் என்று அவன் பெயரைப் போட்டோம். இப்னுன் நதீம் கற்றுத் தந்த ஒழுக்கம் அது.

இப்போது அவனுடைய அரபெழுத்து மீண்டும் நிமிர்ந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் நோட்டின் ஓரங்களில் கொடி வரையும் பிள்ளை இருக்கலாம். 'கூடாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். சொன்ன கையோடு, கூடுமானதையும் அதன் கையில் கொடுங்கள். ஒரு கவராயம், ஒரு நாணல் பேனா, ஒரு மைக்கூடு போதும். நம் முஸ்ஹஃபுகளை அழகுபடுத்தியவர்கள் இத்தகைய பிள்ளைகளாக இருந்தவர்களே.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கைகளை நன்மைக்குரிய கைகளாக ஆக்குவானாக. நம் நாவால் நொறுங்கிய உள்ளங்களைச் சீர்செய்யும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக. ஆமீன்.